மெழுகுத் தாளில் பதிந்த தமிழகம்

விவேக் நகரிலும் அதனை அடுத்த ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, ஈஜிபுரப் பகுதிகளிலும் வாழும் நம்மவர் இல்லங்களுள் நுழைந்தால், கூடத்துச் சுவரில் பெரும்பாலும் மூவகைப் படங்களைக் காணலாம். ஒன்று தெய்வப் படம். குழந்தை ஏசுவாகவோ குன்றக் குமரனாகவோ அவரவர் வழிபாட்டிற்கேற்ப அமைவது. மற்றொன்று மறைந்த முன்னோரின் மாலையிட்ட படம். மூன்றாவது, விட்டு வந்த ஊரின் கோபுரமோ மலையோ குளமோ அமைந்த நாட்காட்டிப் படம். ஆண்டு முடிந்து தேதித் தாள்கள் கிழிந்து போன பின்னும் அப்படத்தை எவரும் கழற்றுவதில்லை. வேலூர்க் கோட்டையும் திருவண்ணாமலைக் கோபுரமும் மதுரைத் தெப்பக்குளமும் இவ்வாறே நம் சுவர்களில் ஆண்டுக் கணக்கில் குடியிருக்கின்றன.

இப்படங்களின் முன்னோர் எவர்? நம் ஊர்களை, நம் மண்டபங்களை, நம் மலையடிவாரங்களை முதன்முதல் ஒழுங்குறப் படமாக்கியவர் எவர்? இவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்த நமக்கு வியப்பொன்று காத்திருந்தது. அம்மனிதர் நம் பெங்களூரிலிருந்துதான் புறப்பட்டார். பெங்களூருக்கே படச்சுமையோடு திரும்பினார். தண்டு எனப்பட்ட இராணுவக் குடியிருப்பில், நம் பாட்டன் பூட்டன்மார் பலர் சிப்பாய்களாகவும் வணிகராகவும் வண்டிக்காரராகவும் சமையற்காரராகவும் வந்து குடியேறிய அதே பகுதியில், அவர்தம் பணி நடந்தது. அவர் பெயர் லின்னேயஸ் ட்ரைப். சென்னை இராணுவத்தின் 12ஆம் சுதேசிக் காலாட்படையில் கேப்டனாக இருந்தவர்.

தமிழில் அவரைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. 'பழைய மதுரை', 'பழைய தஞ்சை' என்று தலைப்பிட்டு அவருடைய படங்களை நம்மவர் பலமுறை அச்சிட்டுள்ளனர்; கைப்பேசி வழியும் பரப்பி வருகின்றனர். எடுத்தவர் பெயர் மட்டும் எங்கோ உதிர்ந்துவிடுகிறது. ஒரு பாட்டை மேற்கோள் காட்டுவோர் புலவன் பெயரை விட்டுவிட்டால் நாம் பொறுப்பதில்லை. நிழற்படத்திற்கு மட்டும் அந்த மரியாதை வேண்டாவென்று யார் விதித்தனர் என்பது நமக்கு விளங்கவில்லை.

ட்ரைப் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன்போர்ட் என்னும் துறைமுக நகரில் 1822இல் பிறந்தார். பதினாறாம் வயதுக்கும் பதினேழாம் வயதுக்கும் இடையில், 1838இல், கிழக்கிந்தியக் கும்பெனியின் படையிற் சேர்ந்து இந்தியா வந்தார். 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் தாய்நாடு சென்றிருந்தபோது நிழற்படக் கலையைக் கற்றார். 1853இல் இலண்டனில் நிறுவப்பட்ட நிழற்படக் கழகத்தில் அவ்வாண்டே உறுப்பினரானார். மீண்டும் பெங்களூர் திரும்பியதும் 1854 டிசம்பரில் ஹளேபீடு, பேலூர் ஆகிய இடங்களுக்குச் சென்று போசளர் கோயில்களைப் படமெடுத்தார். அப்படங்களுள் 68, 1855இல் சென்னையில் நிகழ்ந்த கண்காட்சியில் இடம்பெற்றுப் பரிசும் பெற்றன. அதே ஆண்டு பர்மிய மன்னர் மிண்டோனின் அவைக்கு ஆங்கிலத் தூதுக்குழு ஒன்று சென்றபோது அரசு நிழற்படக்காரராக உடன் அனுப்பப்பட்டார். அங்கிருந்து கொண்டுவந்த மூலப்படிகளைக் கொண்டு பெங்களூரில் 120 படங்கள் கொண்ட தொகுதிகள் ஐம்பது அச்சிடப்பட்டன. ஆறாயிரம் தாள்கள்! ஒவ்வொன்றும் வெயிலில் வைத்து, பதம் பார்த்து, கழுவி, உலர்த்தி, அட்டையில் ஒட்டப்பட வேண்டியது. இன்று பொத்தானை அழுத்தினால் வந்து விழும் படத்திற்குப் பழகிய நமக்கு இவ்வுழைப்பின் அளவு எளிதிற் பிடிபடாது.

1856இல் சென்னை அரசின் நிழற்படக் கலைஞர் என்னும் பதவி அவருக்கு அளிக்கப்பட்டது. அழிந்துபோகும் முன்னர்ப் பழஞ்சின்னங்களைப் படமாக்கிக் காத்தல் வேண்டும். அவை வரலாற்றறிஞர்க்கும் கட்டடக் கலைஞர்க்கும் சிற்பிக்கும் பயன்பட வேண்டும். இதுவே அப்பணியின் நோக்கம். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். சேலம் மாவட்டம், திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், திருவையாறு எனச் சுற்றி, நான்கு திங்களுக்குச் சற்று மிகுதியான காலத்தில், 1858 ஏப்ரல் இறுதியில் பணியை முடித்தார். கருவிகளும் மருந்துப் புட்டிகளும் தாள்களும் மாட்டுவண்டிகளில் சென்றன.

அந்த ஆண்டு எதுவென்பதைப் படிப்போர் கவனித்திருப்பர். வடக்கே 1857இல் மூண்ட பெருங்கிளர்ச்சி இன்னும் அடங்கவில்லை. கிளர்ச்சியில் சென்னைப் படை பெரும்பாலும் சேரவில்லையாதலின் தெற்கே அமைதி நிலவியது. ஆயினும், படையதிகாரி ஒருவர் மலைக்கோட்டைகளையும் ஆற்றுப்பாலங்களையும் படமெடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்கிறார் என்றால், அதனைக் கலையார்வம் என்று மட்டும் கொள்ளுதல் நம் அறியாமையாகும். இராயக்கோட்டையும் நாமக்கல் கோட்டையும் அவர் படங்களில் எவ்வளவு அழகாயினும், அழகு காணும் கண்ணோடு உயரம் அளக்கும் கண்ணும் அங்கே சேர்ந்தே இருக்கிறது. மேலைநாட்டு ஆய்வாளர் சிலர் இதனைச் சற்று விரைந்து கடந்துவிடுகின்றனர் என்பது நம் கருத்து.

இனி அவருடைய கலையைப் பற்றிச் சொல்லவேண்டும். அதற்கு முதலில் தாளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் படம் பிடிக்கும் முறை பரவி வந்தது. அது கூர்மையான உருவம் தருவது. ஆனால் மருந்து பூசிய ஈரம் காயுமுன் எடுத்துக் கழுவி முடிக்கவேண்டும். நம் நாட்டு வெயிலில் அது பெருந்தொல்லை. ட்ரைப் தம் பெரிய படங்களுக்குத் தேர்ந்துகொண்டது மெல்லிய தாளில் மெழுகேற்றி, அதன்மேல் வெள்ளி உப்பு ஏற்றும் முறை. பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ க்ரே 1851இல் வெளியிட்டது. இத்தாளை முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம். எடுத்த பின்னும் உடனே கழுவவேண்டிய கட்டாயமில்லை. ஊர் ஊராகச் செல்வோர்க்கு இதைவிட வசதியில்லை. ஏறத்தாழ 12 அங்குல அகலமும் 15 அங்குல நீளமும் கொண்ட தாள்கள் அவை. படத்தைப் பெரிதாக்கும் வசதி அப்போது வழக்கிலில்லை. ஆகவே படம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகப் பெட்டியும் இருந்தாகவேண்டும்.

இம்முறைக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, நேரம். வெளிச்சத்திற்கேற்பப் பல நிமிடம் வரை வில்லையைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அந்நேரத்தில் நடந்து செல்வோர் படத்திற் பதியார். பதிந்தாலும் புகைபோல் மங்கிவிடுவர். மற்றொன்று, வானம். அக்கால வெள்ளி உப்பு நீல ஒளிக்கு மிக விரைந்து இணங்குவது. எனவே மண்டபத்தின் நிழலுக்குப் பொருந்த ஒளியளந்தால் வானம் வெறும் வெண்மையாய், சில வேளை திட்டுத்திட்டாய், உயிரற்றுப் போய்விடும். ட்ரைப் என்ன செய்தார்? மூலப்படியின்மேல் தூரிகையெடுத்து மேகங்களைத் தீட்டினார். மரங்களின் இலைக்கொத்துகளையும் சில இடங்களில் திருத்தினார். அம்மெழுகுத்தாள் மூலப்படிகளுட் சில இன்றும் இங்கிலாந்தில் காக்கப்படுகின்றன. அவற்றை வெளிச்சத்தில் பிடித்தால் தூரிகைத் தடங்கள் தெரியும்.

இதனை அறிந்தபோது நம் நண்பர் ஒருவர் சினந்தார். 'மேகமே பொய் என்றால் கோபுரத்தை எப்படி நம்புவது?' என்றார். நியாயமான கேள்விதான். நம் விடை இது: கோபுரத்தில் அவர் கை வைத்ததாகத் தெரியவில்லை. கல்லுக்கு அவர் காட்டிய நேர்மை பெரிது. ஒரு தூணின் மூளியைக்கூட மறைக்கவில்லை. வானத்தை மட்டும் ஓவியன் உரிமையோடு நிரப்பினார். மேலும், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் பின்னே வெற்று வெண்மை இருந்திருப்பின், அவ்விமானத்தின் உயரம் நம் கண்ணில் பாதியாய்க் குறைந்திருக்கும். அவர் தீட்டிய மேகம் வானிலைச் செய்தியன்று, விமானத்தின் அளவுகோல். இதனைக் குறையென்று கொள்வோர் கொள்ளட்டும்; நாம் கொள்ளவில்லை.

அவருடைய பணியில் நம்மை மிகவும் ஈர்த்தவை உட்புறக் காட்சிகளே. வெளியில் நின்று கோபுரத்தைப் படமெடுத்தல் அன்றும் அவ்வளவு அரிதன்று. இருண்ட மண்டபத்தினுள் முக்காலியை ஊன்றி நிழலை எடுப்பதே அரிது. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கே திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்தின் தென்புற நடைவழியை, மேற்கு முகப்பிலிருந்து நோக்கி அவர் எடுத்த படம் ஒன்றுண்டு. தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சிறுத்துச் சிறுத்துத் தொலைவிற்குச் செல்கின்றன. மண்டபம் பக்கங்களில் திறந்திருப்பதால் ஒளி குறுக்கே நுழைகிறது. தூணின் ஒரு பாதி ஒளியிலும் மறுபாதி இருளிலும் நிற்கிறது. சிலையின் முழங்கால் தெரிகிறது. முகம் இருளில் ஒதுங்குகிறது. காகிதத்தின் நார் படத்தில் இழைந்து, கருங்கல்லுக்கு ஒருவகை மென்மையை ஊட்டுகிறது. பின்னாளில், 1860களின் இறுதியில், எட்மண்ட் லயன் என்பார் இதே ஊர்களைக் கண்ணாடித் தகட்டில் எடுத்தார். அவர் படங்களில் உளி வேலை ஒவ்வொன்றும் தெளிவாய்த் தெரியும். சிற்ப நூல் எழுதுவோர்க்கு லயனே உதவுவார். ஆனால் புதுமண்டபத்தினுள் நுழையும்போது நம் நெற்றியில் படும் குளிர்ச்சியை ட்ரைப்பின் தாளில்தான் உணர்கிறோம்.

மதுரையில் வளர்ந்தோர்க்கு இப்படம் மற்றொரு வகையிலும் அதிர்ச்சி தரும். புதுமண்டபம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது தையற்பொறிகளின் ஓசையும், பாவாடை நாடாக் குவியலும், வளையற் கடையும், பாத்திரக் கடையும், பழம் புத்தகக் கடையும் அல்லவா? பல தலைமுறையாய் அங்கிருந்த கடைகள் அண்மை ஆண்டுகளில்தான் குன்னத்தூர்ச் சத்திரத்திற்கு மாற்றப்பட்டன. ட்ரைப்பின் படத்திலோ கடையில்லை, கூவலில்லை. திருவிழாவிற்கென எழுப்பப்பட்ட மண்டபம் திருவிழா முடிந்த மறுநாள் போல் கிடக்கிறது. 'இதுதான் உண்மையான புதுமண்டபம், கடைகள் பின்னர் வந்த களங்கம்' என்று சொல்வோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அந்த வெறுமையிற் பாதி அவருடைய தாளின் மந்தத்தால் நேர்ந்தது. நடமாடியோரைத் தாள் விழுங்கிவிட்டது. கல்லை மட்டும் கண்டு மகிழும் கலைக்கண்ணுக்கு இவ்விபத்து வாய்ப்பாய் அமைந்தது.

திருமலை நாயக்கர் மகாலின் படங்கள் வேறு வகையின. மன்னரின் பேரர் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது மகாலின் பெரும்பகுதி பிரிக்கப்பட்டது. எஞ்சியதும் மழையிலும் புறக்கணிப்பிலும் சிதைந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு காலத்தில்தான் அது பழுது பார்க்கப்பட்டது. இன்று நாம் நுழைவுச் சீட்டு வாங்கிக் காண்பது அவ்வாறு திருத்தப்பட்ட மகால். ட்ரைப் கண்டதோ திருத்தத்திற்கு முந்தைய மகால். பெருந்தூண்களும் வளைவுகளும் அவர் படத்தில் அரண்மனையாகவும் தோன்றுகின்றன, பாழாகவும் தோன்றுகின்றன. இவ்விரண்டிற்கும் நடுவே அவர் தம் பெட்டியை நிறுத்தியிருக்கிறார். பாழை அழகாக்கும் மேனாட்டு ஓவியர் வழக்கப்படி கொடியும் இடையனும் சேர்த்து இனிமை கூட்டவில்லை. காரை உதிர்ந்த இடம் காரை உதிர்ந்த இடமாகவே இருக்கிறது. இதனைத்தான் நாம் அவருடைய கலையின் ஒழுக்கம் என்போம்.

ஆனால் அவர் படங்கள் எங்கே நின்றுவிடுகின்றன என்பதையும் நோக்கவேண்டும். கோயிலில் அந்நியர்க்கு அனுமதி உள்ள எல்லையில் நின்றுவிடுகின்றன. கருவறை இல்லை, அதனை ஒட்டிய இருட்சுற்று இல்லை. மதுரைக் கோயிலின் திருவாபரணங்களை ஒரு படமாக எடுத்திருக்கிறார். அத்தகைய தாளுக்குத் தேவைப்பட்ட ஒளியை எண்ணும்போது, அவற்றை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்து பரப்பி வைத்திருத்தல் வேண்டும். அம்மன் திருமேனியில் ஒளிரவேண்டிய அணிகள், எவர் மேனியிலும் இல்லாமல், பட்டியலுக்கு வைத்த பொருள்கள் போல் கிடக்கின்றன. அப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு ஒரு கூச்சம் தோன்றுகிறது. எடுத்தவர் மீது சினமன்று. காணக்கூடாத வேளையில் ஒரு வீட்டினுள் நுழைந்துவிட்டாற்போன்ற உணர்வு.

தஞ்சைக்கு வருவோம். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைப் படமெடுக்க அவர் எண்ணினார். ஒரு படத்தில் அடங்காது. எனவே பெட்டியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒன்றன்பின் ஒன்றாக 21 படங்கள் எடுத்து, அவற்றை ஒட்டிச் சேர்த்து, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். ஒவ்வொரு முறையும் தொலைவும் உயரமும் மாறாமல் வைக்கவேண்டும். ஒளியும் மாறிக்கொண்டே இருக்கும். இதன் அருமை நிழற்படம் எடுப்போர்க்குத் தெரியும். நமக்கோ வேறொன்று தோன்றுகிறது. அவ்வெழுத்துகளை அவர் படித்தறிந்தவரல்லர். உள்ளூரில் அன்று அவற்றைத் தடையின்றிப் படிக்கவல்லோரும் அரியர். ஹூல்ட்ஸ் என்னும் செருமானிய அறிஞர் கல்வெட்டுத் துறையில் அமர்ந்து, இராசராச சோழனின் சாசனங்களை முறையாகப் படித்து, 1890களில் நூலாக வெளியிடும்வரை, அக்கற்கள் எழுத்திருந்தும் ஊமையாகவே இருந்தன. பொருளறியாத ஒருவர், ஒரு வரியும் விடாமல், பத்தொன்பது அடிக்கு ஒரு மொழியைப் படியெடுத்தார். ஓலை பெயர்த்தெழுதிய நம் பழைய ஏடெழுதிகளுட் பலரும் இவ்வாறு பொருளறியாமல் படியெடுத்தே நூல்களைக் காத்தனர் என்பது நினைவுக்கு வருகிறது.

அதே 1858இல் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களையும் அவர் படமெடுத்தார். வால்டர் எலியட் 1845இல் அகழ்ந்து சென்னைக்கு அனுப்பியவை அவை. மறு ஆண்டே அவற்றுட் பெரும்பகுதி கப்பலேறி இலண்டன் சென்றது. இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் மண்ணில் அவை இருந்த கடைசிக் காலத்தின் சான்று அப்படங்களே.

இவ்வளவு உழைத்தவர்க்கு என்ன நேர்ந்தது? 1859இல் சார்லஸ் ட்ரெவெல்யன் சென்னை ஆளுநராக வந்தார். அயர்லாந்துப் பஞ்சக் காலத்தில் கருவூலச் செலவைக் கருமித்தனத்தோடு காத்தவர் என்று வரலாறு பேசும் அதே மனிதர். நிழற்படப் பணி அரசின் நிதி நிலைக்குப் பொருந்தாத ஆடம்பரம் என்று தீர்த்து அதனை நிறுத்திவிட்டார். ட்ரைப் உடல்நலங் குன்றி இங்கிலாந்து சென்றார். பின்னர்த் திரும்பிவந்து படைப்பணியைத் தொடர்ந்தாரேனும், 1870ஐ ஒட்டிப் பர்மாவில் எடுத்த சில படங்கள் தவிர, கலையை ஏறத்தாழக் கைவிட்டுவிட்டார். ஓய்வுபெற்று, பிறந்த ஊரிலேயே 1902இல் காலமானார். அதன்பின் நெடிய மறதி.

அம்மறதி கலைந்தது மெதுவாக. ஜேனட் டிவான் என்னும் ஆய்வாளர் பல்லாண்டு உழைத்து அவருடைய படங்கள் அனைத்திற்கும் விளக்கப் பட்டியல் ஒன்றை 2003இல் கனடாவிலிருந்து வெளியிட்டார். 2014–15இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகிய மூன்றிலும் அடுத்தடுத்துக் கண்காட்சி நிகழ்ந்தது. ரோஜர் டெய்லரும், தமிழகக் கோயிற் கலையில் தோய்ந்த கிரிஸ்பின் பிரான்ஃபூட்டும் அதற்கு நூலெழுதினர். தில்லியில் மறைந்த நாடக மேதை இப்ராகிம் அல்காசி திரட்டிய தொகுப்பிலும் ட்ரைப்பின் படங்கள் உள்ளன. இன்று அருங்காட்சியக இணையதளங்களில் விவேக் நகரிலிருந்தவாறே அவற்றுட் பலவற்றைக் காணலாம். ஆயின் மதுரையிலோ தஞ்சையிலோ, அப்படங்கள் எடுக்கப்பட்ட இடத்திலேயே அவற்றைப் பெரிதாக்கி வைத்து, 'இங்கே நின்று 1858இல் கண்டது இது' என்று மக்களுக்குக் காட்டினால் எவ்வளவு பொருத்தமாயிருக்கும்! வாஷிங்டன்காரர் பார்த்தபின்தான் மதுரைக்காரர் பார்க்கவேண்டும் என்ற விதியுண்டா?

மீட்டெடுத்தோர்க்கு நாம் நன்றியுடையோம். அவர்கள் எழுத்தில் நமக்கு ஒரு நிறைவின்மையும் உண்டு. ட்ரைப் என்னும் தனி மேதையின் கண்ணைப் பற்றி அவர்கள் பேசும் அளவிற்கு, அவரைச் சூழ்ந்திருந்த கைகளைப் பற்றிப் பேசுவதில்லை. ஆறாயிரம் தாள்களைப் பெங்களூர் வெயிலில் காயவைத்தவர் யார்? தஞ்சையில் 21 முறை முக்காலியை நகர்த்தியவர் யார்? வண்டி ஓட்டியவர், மருந்து கலக்க நீர் இறைத்துக் கொடுத்தவர், மண்டபத்தைப் பெருக்கி ஆட்களை விலக்கியவர் யார்? ஒரு பெயர் மட்டும் ஆவணங்களில் தப்பிப் பிழைத்திருக்கிறது: சி. ஐயாசாமி. ட்ரைப்பிடம் தொழில் பயின்று, பின்னர் அலெக்சாந்தர் ஹண்டர் நடத்திய சென்னைத் தொழிற்கலைப் பள்ளியில் நிழற்படப் பணி செய்தவர். நிழற்படக் கலையின் முதல் தலைமுறைத் தமிழருள் ஒருவர் என்று அவரைத் துணிந்து சொல்லலாம். ட்ரைப்பை மறந்ததற்கு நாம் ஒரு மடங்கு வெட்கப்படலாமென்றால், ஐயாசாமியை மறந்ததற்கு இரு மடங்கு வெட்கப்படவேண்டும். அவரைப் பற்றி ஒரு தனிக்கட்டுரை வேண்டும். நம் சங்கத்து இளைஞர் எவரேனும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அமர்ந்து தேடுவாராயின் அடுத்த மலருக்கு அதுவே அணியாகும்.

இக்கட்டுரையை எழுதுமுன் ஒன்று செய்தோம். ட்ரைப்பின் சேலம் மாவட்டத் தொகுதியில் இராயக்கோட்டைக் காட்சிகள் உள்ளன. இராயக்கோட்டை நம்மவர் பலர்க்குப் பழகிய ஊர்; ஓசூர் வழியே தருமபுரி செல்லும் இரயிலில் போவோர் அம்மலையைப் பார்த்திருப்பர். 1791இல் திப்புவின் படையிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய கோட்டை அம்மலைமேல் உள்ளது. அப்படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, விவேக் நகரில் நம் தெருவில் வாழும் மூதாட்டி ஒருவரிடம் கொண்டு சென்றோம். அப்பக்கத்துச் சிற்றூரிலிருந்து திருமணமாகிப் பெங்களூர் வந்து அறுபது ஆண்டு கடந்தவர். கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு நெடுநேரம் பார்த்தார்.

'மலை இருக்குது, பாறை இருக்குது. ஆளு ஒருத்தரையும் காணோமே, தம்பி?' என்றார்.

தாளின் மந்தத்தையும் நிமிடக் கணக்கையும் விளக்கினோம். நடப்பவர் பதியமாட்டார் என்றோம். அவர் ஒப்பவில்லை.

'நடக்கறவங்க பதியாம போகட்டும். உக்காந்திருந்தவங்க எங்கே? எங்க ஊருல எந்நேரமும் நாலு பேரு உக்காந்துதானே இருப்பாங்க?'

இதற்கு நம்மிடம் விடையில்லை. ட்ரைப்பின் நாட்டுப்புறக் காட்சிகளைப் பற்றி நாம் படித்த எந்த நூலும் இக்கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. வையை ஆற்றின் குறுக்கே செல்லும் பாலப்பாதையை எடுத்திருக்கிறார், துவைப்போர் இல்லை. யானைமலையை எடுத்திருக்கிறார், அடிவாரத்து உழவன் இல்லை. தெப்பக்குளத்தை எடுத்திருக்கிறார், படியில் அமர்ந்தோர் இல்லை. வேண்டுமென்று விலக்கினாரா, விலகுமாறு பிறர் அதட்டினரா, அல்லது பெட்டியைக் கண்ட அச்சத்தில் மக்கள் தாமே ஒதுங்கினரா? மண்டபத்தின் வெறுமைக்குத் தாளைக் குறை சொன்ன நாம், மலையடிவாரத்தின் வெறுமைக்கு எதனைக் குறை சொல்வது? அமர்ந்திருப்போரையும் அசையாது நிற்போரையும் அத்தாள் பதிக்கும். பதிக்க அவர் விரும்பவேண்டும், அவ்வளவே. அவர் பட்டியலில் பழஞ்சின்னம் இருந்தது, கோட்டை இருந்தது, பாறை இருந்தது. நாலு பேர் உட்கார்ந்திருப்பது இல்லை.

மூதாட்டி படத்தைத் திருப்பித் தரவில்லை. 'இங்கியே இருக்கட்டும்' என்று சொல்லி, பேரனை அழைத்து, மாலையிட்ட தம் கணவர் படத்தின் பக்கத்தில் ஆணியடிக்கச் சொன்னார். அவன் அடித்துக்கொண்டிருக்கும்போதே அருகே சென்று, மலைச்சரிவின் கீழே படம் முடிந்து அட்டை தொடங்கும் இடத்திற்குச் சற்று வெளியே விரலை வைத்து, 'இதுக்கு அந்தப் பக்கந்தான்டா எங்க வீடு' என்றார்.